பதினைந்தாவது தடி

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சான்விச் பெட்டிகளை எண்ணித் தட்டில் அடுக்குவது என் வேலை. ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு. இத்தனை வருடங்களில் ஒரு தட்டிலேனும் பதின்மூன்று போனதாக யாரும் வந்து சொன்னதில்லை. அப்படி எண்ணிப் பழகிய நான்தான் என் மகளின் கோல்ஃப் பைக்குள் பதினைந்தாவது தடியை வைத்தேன்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளையாடுகிறவர் பதினான்கு தடிகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. மகள் கிளப் என்பாள். எனக்கு அது தடிதான். கூட ஒன்று இருந்தால், அதைத் தொடாவிட்டாலும் தண்டனை உண்டு. குறைந்த அடியில் முடிப்பவர் வெல்கிற விளையாட்டு என்பதால், தண்டனையாக அடிகளைக் கூட்டிவிடுவார்கள்.

மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். கோடை விடுமுறையில் அவளை நீச்சலுக்குச் சேர்க்கப் போனேன். இடம் முடிந்துவிட்டது. நகரத்து மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் பழக்குகிறார்கள், அதில் இடம் இருக்கிறது என்றார்கள். என் கணவர் பழைய சாமான் கடையில் ஒரு பற்றர் வாங்கினார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற தடிக்கு அதுதான் பெயர். அவளுடைய உயரத்துக்கு அது பெரிதாக இருந்ததால், இரும்பறுக்கும் வாளால் பாதியை அறுத்து, பிடியில் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றிக் கொடுத்தார். அந்தக் கட்டைத் தடியால்தான் அவள் முதல் கோப்பையை வென்றாள். பிறகு வேறு தடிகள் வந்தன. கட்டைத் தடியை நான் சாமித்தட்டின் ஓரத்தில் சாத்தி வைத்தேன்.

அவள் பல்கலைக்கழகம் போன பிறகும் விளையாட்டை விடவில்லை. கலியாண வீடுகளில் ஒரு அன்ரி தவறாமல் என்னைப் பிடித்துக் கேட்பார்.

“உங்கடை பிள்ளை இன்னும் புல்லுக்கை பந்து தேடித் திரியிறாளோ? வெயிலிலை நிண்டு நிறமும் கறுத்துப் போச்சு.”

நான் சிரித்துவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விடுவேன்.  சொல்ல வேண்டியது வீட்டுக்கு வந்து கறிக்கு வெங்காயம் வெட்டும்போதுதான் நினைவுக்கு வரும்.

பெண்களுக்கான பெரிய கோல்ஃப் போட்டிகள் வருடத்தில் சிலதான். அதில் ஒன்றுக்குள் நுழைய அவள் மூன்று வருடமாக முயன்றுகொண்டிருந்தாள். முன்பு வென்றவர்களும், உலக வரிசையில் மேலே நிற்பவர்களும் நேரே போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு அங்கங்கே தகுதிச் சுற்று வைப்பார்கள். அதையே தொழிலாகச் செய்கிறவர்களும், ஓரளவுக்கு மேல் திறமையைக் காட்டியிருக்கிற மாணவிகளும் ஒரே வரிசையில் விண்ணப்பிக்கலாம். ஒரே நாளில் முப்பத்தாறு குழி விளையாட வேண்டும். காலையில் பதினெட்டு, பின்னேரம் பதினெட்டு. அந்த வருடம் எங்கள் பக்கத்துச் சுற்று மார்க்கம் நகரத்தையும் தாண்டி வடக்கே ஒரு மைதானத்தில் நடந்தது. முதல் இரண்டு பேருக்கு மட்டும் இடம். மூன்றாவது ஆள் காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்.

வழக்கமாக அவளுடைய பையைத் தூக்குகிற சிநேகிதிக்கு முதல் நாள் காய்ச்சல் வந்துவிட்டது. என் கணவர் ட்றக் ஓட்டிக்கொண்டு வினிப்பெக் பக்கம் போயிருந்தார். எனக்கு விடுமுறை இருந்தது.

“அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. பையைத் தூக்கிக்கொண்டு என்னோடை வந்தாப் போதும்” என்றாள் மகள்.

கதைக்கத் தேவையில்லை என்றதால்தான் சம்மதித்தேன்.

முன்பொருமுறை அவளுடைய தடிகளின் முகத்தில் திருநீறு பூசிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். பந்தில் படுகிற இடத்தில் எதையும் பூசக் கூடாதாம். அதனால் அன்று விடியப் பூசவில்லை. காரின் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன். அதுவும் போதாது போல இருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, சாமித்தட்டில் இருந்த கட்டைத் தடியை எடுத்துப் பையின் நீளமான பக்கப் பொக்கற்றுக்குள் விட்டு, அதன்மேல் மழைக்கோட்டை மடித்து வைத்து, ஸிப்பை இழுத்துவிட்டேன். பதினான்கு என்ற கணக்கு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது எனக்கு விளையாடுகிற தடியாகவே தோன்றவில்லை. கோயிலில் கட்டிய நூல் மாதிரி ஒரு துணை என்றுதான் நினைத்தேன்.

முதல் குழியில் மகளோடு சேர்த்து மூன்று பேர். ஒருத்தி தொழில்முறை விளையாட்டுக்காரி. அவளுடைய பையைச் சம்பளத்துக்கு வந்த ஓர் உயரமான மனிதர் தூக்கினார். மற்றவள் உயர்தரப் பள்ளி மாணவி. அவளோடு தகப்பன் வந்திருந்தார். தொடங்கி வைக்கிறவர் பெயர்களை வாசித்துவிட்டு, எல்லோரும் தடிகளை எண்ணிப் பாருங்கள் என்றார். உயரமான மனிதர் விரலால் தட்டித் தட்டி எண்ணினார். மகளும் பையின் வாயில் தெரிந்த தடிகளை எண்ணினாள்.

“பதினாலு. ஓகே.”

அப்போதுதான் எனக்குப் பக்கப் பொக்கற்று நினைவுக்கு வந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. தடியை எடுத்துக் காருக்குள் போட்டுவிட்டு வந்திருக்கலாம், ஒரு அடியும் கூடியிருக்காது. ஆனால் அங்கே இத்தனை பேர் நின்றார்கள்.  மகள் பந்தை வைத்துக் குனிந்துவிட்டாள். நான் வாயைத் திறக்க முன்னரே அடித்தும்விட்டாள். பந்து நேராகப் போனது. உயரமான மனிதர் மெல்லக் கை தட்டினார்.

முதல் குழி முழுவதும் நான் என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. நடக்கும்போது பொக்கற்றுக்குள் அந்தத் தடி பையின் சட்டத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டக், டக் என்று. அது எல்லோருக்கும் கேட்கிறது என்று நினைத்தேன். பையைத் தோளில் இருந்து இறக்கி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

“அம்மா, ஏன் அப்பிடித் தூக்குறியள்? முதுகு போகும்.”

“பரவாயில்லை பிள்ளை.”

இரண்டாவது குழியில் வானம் கறுத்துத் தூறல் விழுந்தது. மழைக்கோட்டை எடுக்க மகள் என்னை நோக்கி வந்தாள். அவள் கை ஸிப்பைத் தொட முதல் நான் திரும்பி நின்று, நானே திறந்து, கோட்டை உருவிக் கொடுத்து, உடனே மூடினேன். அந்த நாளில் நான் செய்ததில் எனக்கு இன்றுவரை வெட்கமான காரியம் அதுதான். முதலில் செய்தது யோசியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

அந்தக் குழியை அவள் எதிர்பார்த்ததைவிட ஓர் அடி குறைவாக முடித்தாள். மூன்றாவது குழிக்கு நடந்தபோது நனைந்த முகத்தைத் துவாயால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு.”

நான் பையை நிலத்தில் வைத்தேன். இது பின்னேரம் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் முழுதாக யோசித்தேன். அடிகளின் கணக்கை ஓர் அட்டையில் எழுதி, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பிழையான கணக்கில் அவள் கையெழுத்துப் போடுவாள். கள்ளி என்று என் பிள்ளையைத்தான் சொல்வார்கள்.

“பிள்ளை, பக்கப் பொக்கற்றுக்கை உன்ரை சின்னப் பற்றர் கிடக்கு. நான்தான் வைச்சனான்.”

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. ஸிப்பைத் திறந்து பார்த்தாள். கறுப்பு ரேப் சுற்றிய பிடி தெரிந்தது.  மற்ற இருவரிடமும் போய் ஏதோ சொன்னாள். பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள்.

நடுவர் வெள்ளைத் தொப்பி போட்ட வயதான பெண். சிறிய வண்டியில் வந்து இறங்கினார். எப்போது தெரியும் என்று மகளிடம் கேட்டார். இப்போதுதான் என்றாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு எப்போது தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் என்னிடம் யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் நான் மகளைத்தான் பார்ப்பேன். அன்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இப்போதுதான் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவளை முழுவதுமாக வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது.

முதல் குழி தொடங்கும்போது தெரியும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன்.

அவர் தள்ளிப் போய் வோக்கிடோக்கியில் யாரோடோ பேசினார். பின்னால் வந்த மூன்று பேர் எங்களைப் பிடித்துவிட்டு, ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பள்ளி மாணவியின் தகப்பன் தன் மகளின் தடிகளை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. 

நடுவர் திரும்பி வந்தார். விளையாடுகிறவர் அறிந்த உடனே சொல்லிவிட்டதால் நீக்கவில்லை, அந்தத் தடியை இனித் தொடக் கூடாது என்றார். விளையாடிய இரண்டு குழிகளுக்கும் இரண்டிரண்டு அடி. மொத்தம் நான்கு. ஒரு குழியோடு சொல்லியிருந்தால் இரண்டு. எண்ணச் சொன்னபோதே சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. அதை அவர் சொல்லவில்லை, நானே கணக்குப் பார்த்தேன்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“இப்ப ஒண்டும் கதையாதேங்கோ அம்மா. பையைத் தூக்குங்கோ.”

மிச்சம் முப்பத்து நான்கு குழிகளும் பையோடு அவள் பின்னால் நடந்தேன். அவள் கேட்கும் தடியை எடுத்துக் கொடுத்தேன். மண்ணைத் துடைத்துத் திரும்ப வைத்தேன். ஒவ்வொரு பந்தும் உருண்டு போகும்போது, அது குழிக்குள் விழாவிட்டால் நான்தான் காரணம் என்றும், விழுந்தால் என் நான்கில் ஒன்று குறைந்தது என்றும் நினைத்தேன். இடைவேளையில் அவள் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள்.  கணவர் போன் எடுத்து, என்ன மாதிரி என்று கேட்டார். மகள் என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

“நாலு அடி விட்டிட்டன் அப்பா. பின்னேரம் பாப்பம்” என்றாள். விட்டது யார் என்று சொல்லவில்லை.

பின்னேரம் அவள் விளையாடிய விதத்தைப் பார்க்க வேறு சிலரும் வந்து நின்றார்கள். முடிவில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது இடத்துக்கு மூன்று அடி வித்தியாசம். பலகையில் எழுதியிருந்ததை நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். நான்கில் மூன்று போனால் ஒன்று. சின்னப் பிள்ளையும் செய்கிற கணக்கு. வீடு வரும்வரை அவள் கண்ணை மூடியபடி இருந்தாள். நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும்.

தகுதி பெற்றவர்களில் யாராவது விலகினால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்றார்கள். அதன் பிறகு எனக்குப் போன் மணியே பயமாகிவிட்டது. வேலையில் பெட்டி எண்ணும்போதும் பொக்கற்றில் இருக்கும் போனைத் தொட்டுப் பார்ப்பேன். யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கை சுளுக்க வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன். பிறகு அதற்கும் பயந்து அந்த நேர்த்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கும்பிட்டிருக்கிறேன். நடந்ததைக் கேட்ட கணவர், “உந்தத் தடியை அறுத்த நான், முழுசா அறுத்து எறிஞ்சிருக்கோணும்” என்று மட்டும் சொன்னார். மகள் பையைக் கதவோரம் ஆயத்தமாக வைத்திருந்தாள். போன் வரவில்லை. போட்டி தொடங்கிய காலை தொலைக்காட்சியில் முதல் பெண் பந்தை அடித்ததைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக் கீழே நிலவறையில் வைத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அதே தகுதிச் சுற்றுக்கு அவள் விண்ணப்பித்தாள். சிநேகிதி சுகமாகத்தான் இருந்தாள். ஆனாலும் மகள் என்னிடம் வந்தாள்.

“பையை நீங்கள்தான் தூக்குறியள். ஆனா தடியை நீங்கள் எண்ணோணும். எல்லாருக்கும் கேக்கச் சத்தமா.”

மாட்டேன் என்றேன். நான் பலர் முன்னால் வாய் திறக்கிற ஆளல்ல என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

அன்று முதல் குழியில் பதினைந்து பேராவது நின்றிருப்பார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட அதே பெண்மணியும் ஓரத்தில் நின்றார். எண்ணிப் பாருங்கள் என்றதும் மகள் என்னிடமிருந்து இரண்டடி தள்ளிப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொரு தடியின் தலையிலும் கை வைத்து ஆங்கிலத்தில் எண்ணத் தொடங்கினேன். ஆறில் குரல் உடைந்தது. ஒன்பதை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பதினான்கு என்று சொல்லி முடித்த பிறகு, யாரும் கேட்காமலே பக்கப் பொக்கற்றைத் திறந்தேன். மழைக்கோட்டை வெளியே எடுத்தேன். உள்துணியைப் பிடித்து வெளியே இழுத்துக் காட்டினேன். அதிலிருந்து கொஞ்சம் புல்லும் ஒரு கறுப்பு ரேப் துண்டும் விழுந்தன.

மகள் குனிந்து அந்த ரேப் துண்டை எடுத்துத் தன் காற்சட்டைப் பொக்கற்றில் போட்டாள். பிறகு பந்தை வைத்தாள்.  பதினான்குதானா என்று மனதுக்குள் திரும்ப எண்ணிக்கொண்டே, அவள் அடிக்கும்வரை பையின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.