நடுவர் இல்லாத மேடைகள்

என் முதல் மேடை, ஆவடி ஊழியர் குடியிருப்பின் அம்மன் கோயில் முன்னால் இரண்டு மரப்பலகைகளை இணைத்துப் போட்டது. ஒலிவாங்கி எட்டாததால் காலுக்கடியில் ஒரு சோடாப் பெட்டி வைப்பார்கள். பத்து வயதில் அதன்மேல் ஏறி நின்று, புகுந்த வீட்டில் மருமகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஏழு நிமிடம் முழங்கியிருக்கிறேன். மருமகள்கள் கைதட்டினார்கள், மாமியார்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் நம்பினேன்.

நம்புவதற்கு எங்கள் வீடு வசதியான இடம். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் எழுத்தர். தாத்தா அங்கே பணியில் இருக்கும்போதே இறந்ததால் அப்பாவுக்கு வாரிசாகக் கிடைத்த வேலை அது. வெள்ளிக்கிழமை விளக்கு, ஒரே நாளேடு, தேர்தலன்று காலை இட்லியோடு எல்லோருக்கும் பரிமாறப்படும் ஒரே சின்னம். சிவப்புத் துண்டு அணிந்த ஒருவர் தெருவில் போனால் அப்பா செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடிப்பார். அந்த வீட்டின் ஒழுங்கு இன்றும் எனக்கு இனிக்கிறது. அதற்குள் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது, எனக்கும்.

அம்பத்தூரில் கல்லூரி சேர்ந்த பிறகுதான் ‘ஒட்டியும் வெட்டியும்’ போட்டிகள் அறிமுகமாயின. தலைப்பை முன்பே சொல்லிவிடுவார்கள். ஆதரித்துப் பேச வேண்டுமா, எதிர்த்துப் பேச வேண்டுமா என்பது மேடையேற ஐந்து நிமிடம் இருக்கும்போது எடுக்கும் சீட்டில்தான் தெரியும். ஆகவே நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எனக்குப் பிடிக்காத பக்கத்தின் உரையை முதலில் எழுதுவேன். அந்தப் பக்கத்துக்காரரே எழுத முடியாத அளவுக்கு நன்றாக எழுதுவேன். எதிரணியின் வலுவான வாதத்தை நாமே எடுத்துரைத்து, பிறகு அதைத் தாண்டிச் செல்வதே என் பாணி. நடுவர்கள் மயங்கினார்கள். கேடயங்களுக்கு அலமாரியில் இடம் போதாமல் அம்மா இரண்டை அரிசி டிரம்மின்மேல் வைத்தார்.

அப்படி ஒரு போட்டிக்காக, ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொழிற்பேட்டையின் தேநீர்க் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். போட்டி முடிந்தது; கேட்டவை என்னை விட்டுப் போகவில்லை. இடதுசாரி மாணவர் அமைப்பில் சேர்ந்தேன். தொழிற்சாலைகளின் வாயிற்கூட்டங்களில் பேசினேன். என்னைவிட இரு மடங்கு வயதானவர்கள் என்னைத் ‘தோழர்’ என்று அழைத்தபோது உச்சி குளிர்ந்தது. வீட்டில் அப்பாவும் நானும் சாம்பாரில் உப்பு சரியா என்பதை மட்டும் பேசிக்கொண்டோம்.

அந்த நாட்களில்தான் அப்பாவின் தொழிற்சாலையில் ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதிகாலை வாயிற்கூட்டம், சிறப்புரை நான். சங்கச் செயலாளர் என் தோளருகே குனிந்து சொன்னார்: “கொஞ்சம் பேரு உள்ள போவானுங்க. அவனுங்கள கிழி கிழின்னு கிழிச்சிடு தோழர். மூஞ்சிய எங்க வெச்சிக்கினு போறானுங்கன்னு பாத்துடலாம்.”

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் என் அப்பா. எந்த வேலைநிறுத்தத்திலும் அவர் வெளியே நின்றதில்லை.

முந்தைய நாள் பிற்பகல், பழக்கப்படி, எதிரணி உரையை எழுத உட்கார்ந்தேன். வேலைநிறுத்த நாளில் ஒரு மனிதன் ஏன் உள்ளே போகிறான்? நான்கு பக்கம், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. தகப்பனை இழந்த பிள்ளைக்கு வேலையும் வீடும் கொடுத்த இடத்துக்கு அவன் காட்டும் நன்றி அது. சேர்ந்த நாளில் கொடுத்த வாக்குத் தவறாமை அது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. என் உரையின் அழகில் கலங்கியதா, அப்பாவுக்காகக் கலங்கியதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்தார். வாயிலருகே சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். கிழிக்க வேண்டிய இடம் வந்திருந்தது.

“இந்த வேலைநிறுத்தம் நியாயமானது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை,” என்றேன். “ஆனால் உள்ளே போகிறவர்களைக் கோழைகள் என்று சொல்ல என் நா எழவில்லை. அவர்கள் நன்றி மறவாதவர்கள்...”

“இன்னாம்மா, எந்தப் பக்கம் பேசிக்கினு கீற?” என்றது ஒரு குரல்.

“அப்பாவுக்கு வக்கீலு வந்துகீதுபா!” என்றது இன்னொன்று. கூட்டம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த வாக்கியத்துக்கு மூச்செடுப்பதற்குள் செயலாளர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொன்னவருக்கு மதிப்பெண் போட அங்கே நடுவர் இல்லை. கேடயம் வாங்கிப் பழகிய எனக்கு அது தோன்றவே இல்லை.

செய்தி குடியிருப்புக்குள் என்னைவிட வேகமாக வந்தது. கோயில் கமிட்டிப் பொருளாளர் அம்மாவிடம், “பாத்தீங்களா, பாப்பா நம்ம பக்கம் வந்துடுச்சு!” என்று பூரித்தார். ஆடித் திருவிழாவில் எனக்குப் பொன்னாடை, தலைப்பு ‘பண்பாடு’. மீண்டும் அந்த மேடை, அதே கற்பூர மணம், முன்வரிசையில் என் கன்னத்தைக் கிள்ளிய அதே பெண்கள். அவர்கள் கேட்க விரும்பியதைச் சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! வாயிலில் பேசிய வாக்கியங்களையே வரிசை மாற்றிச் சொன்னேன்: உள்ளே போனவர்கள் நன்றியுள்ளவர்கள், ஆனால் அன்று வெளியே நின்றவர்கள் கேட்டதுதான் நியாயம். பொருளாளர் நாதஸ்வரக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். என் வாக்கியத்தின் நடுவிலேயே தவில் தொடங்கிவிட்டது.

அதன்பின் இரு பக்கமும் என்னை அழைக்கவில்லை. பூந்தமல்லிப் பேருந்து நிலையச் சுவர்களில், என்னிடம் தோற்றவர்களின் பெயர்கள் சிறப்புரையாளர்களாக ஒட்டப்பட்டிருந்தன. தனித்து நிற்றல் என்பது மேடையில் வீரமாக ஒலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதற்குச் செய்ய ஒரு வேலையும் இருப்பதில்லை. மீண்டும் ஒரு பக்கத்துக்குப் போய்விடலாமா என்று பலமுறை எண்ணினேன். கைதட்டலுக்கு அவ்வளவு ஏங்கினேன்.

வேலைநிறுத்தம் நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன; தை மாதத்து ஒரு ஞாயிறு. அப்பாவும் நானும் கூடத்தில் அமர்ந்து, குழம்புக்காக ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“அன்னிக்கு கேட்ல பேசினியே. முழுசா கேக்கறதுக்குள்ள மைக்கைப் பிடுங்கிட்டாங்க. அடுத்து என்ன சொல்ல வந்தே?”

நான் சொன்னேன். நன்றி சொல்வது சரிதான். ஆனால் இந்த வீடும், வாரிசு வேலை என்ற விதியும், முன்பு யாரோ வெளியே நின்று கேட்டதால் வந்தவையாக இருக்கலாம் அல்லவா?

“யார் சொன்னா? எங்கப்பா செத்தப்போ வேலை போட்டுக் கொடுத்தது ஒரு ஆபீசர். சங்கம் இல்லே.”

“அந்த ஆபீசருக்கு விதியை யார் எழுதிக் கொடுத்தாங்க?”

“அதைப் பார்க்கணும்,” என்றார். இரண்டு மொச்சையைப் பிதுக்கித் தட்டில் போட்டார். பிறகு, “ஆனா ஒண்ணு பாப்பா. கோழை இல்லேன்னு சொன்னியே, அது தப்பு. நன்றி பாதிதான். மீதி பயம். உங்கப்பா பயந்தவன். அதை நீ எழுதலே.”

அவர் பக்கத்து உரையை அவரைவிட நன்றாக எழுதிவிட்டதாக இரண்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். “எதுக்குப் பயம், அப்பா?” என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கிட்டேன். அவர் மறுத்தார். ஒன்றிரண்டில் ஒத்துப்போனோம்; பலவற்றில் இல்லை. மொச்சை தீர்ந்து வெகு நேரமாகியும் இருவரும் எழுந்திருக்கவில்லை.