ஆசீர்வாதம் ஷெட்டில் கூலி ஏறிய மாதம்

கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி ஆசீர்வாதம் ஷெட் எங்கே என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடக் கை காட்டும். ஆறாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவளின் பிள்ளை, இன்று ஆறு பிரஸ் மெஷினுக்குச் சொந்தக்காரர் என்றால் சும்மா வந்ததா அது? தேர்வாய் கண்டிகையில் உள்ள பெரிய கம்பெனிக்குக் காரின் சீட்டுக்கு அடியில் வரும் தகடு அடித்துக் கொடுக்கிறார்.

இருபது வயதில் அவர் வேலை பார்த்த இடத்தில், புத்தகத்தில் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கை சூப்பர்வைசர் திரும்பப் பிடுங்குவார். அந்த ஈனம் என் ஷெட்டில் நடக்காது என்று சொல்லித்தான் தொழில் தொடங்கினார். இருபத்திரண்டு வருஷம் நடக்கவும் இல்லை.

குறைந்தபட்சக் கூலி ஏறிய சேதி வந்த அன்று டீக்கடையே அதிர்ந்தது. அறிவிப்பை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்த ஆசீர்வாதம் தொடையைத் தட்டினார்.

"இவ்ளோதானா? மத்த மொதலாளிங்கல்லாம் யோசிச்சுக்கினு இருக்கட்டும். நான் ஒண்ணாந்தேதியே குடுக்கறேன். ஒரு ஆளைக்கூட நிறுத்த மாட்டேன்!"

ஷெட்டிலும் அதையே சொன்னார். மெஷினுக்கு ஒருவராக வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கணக்கு எழுதும் தணிகைவேல் தலையில் கை வைத்தான். "இன்னாண்ணே நீ! நீ பாத்தது அடிப்படைச் சம்பளம். பஞ்சப்படி தனியா கீழ போட்டுக்கீதே, பாக்கலியா?"

"கீழ எழுத்து பொடிசா இருந்துச்சுடா."

"பொடிசா இருந்தாலும் டப்பு பெருசுண்ணே. ஆளுக்கு மாசம் மூவாயிரம் கூடுது."

ஆசீர்வாதம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனார். கொள்முதல் பார்க்கும் ஜெரால்ட் நாற்காலி போட்டு உட்காரவைத்தான், காபியும் கொடுத்தான். தகட்டுக்கு ஐம்பது பைசா மட்டும் ஏற்றித் தரவில்லை.

"அண்ணே, புதுக் கூலி பேங்குல போட்ட ரசீது இல்லாம உங்க சரக்கை உள்ள எடுக்க முடியாது. ரேட்டு மட்டும் கேக்காதீங்க. இதே ரேட்டுக்கு அடிக்க மூணு பேரு வெளிய நிக்கறான்."

ஆளைக் குறைத்தால் ஆறு மெஷின் ஓடாது. ஆறும் ஓடாவிட்டால் சரக்கு நேரத்துக்குப் போகாது. ஷெட்டை மூடலாம் என்றால் மெஷின்மேல் வாங்கிய கடன் இன்னும் நாலு வருஷம். ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி ஆரோக்கியமேரி, "வாயை வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

ஒண்ணாம் தேதி சொன்னபடி ஆறு பேருக்கும் புதுக் கூலி பேங்கில் ஏறியது. மறுநாள் காலை, பதினொரு வருஷமாக முதல் மெஷினில் உட்காரும் கெங்கம்மாள் ஆசீர்வாதத்தின் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எடுத்து டம்ளருக்கு அடியில் வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"கூட வந்த காசு, நைனா."

"எடு அதை. யாரு கேட்டா உன்னை? ஆசீர்வாதம் ஷெட்டுல அந்தப் பழக்கம் கெடயாது!"

"கெடயாதுன்னு எனக்கும் தெரியும். எடுத்துக்கறேன். ஆனா கம்பெனிக்காரன் ரேட்டு ஏத்தலன்னு தணிகைவேலு சொல்லிச்சு. எங்க ஆறு பேருல யாரை ஊட்டுக்கு அனுப்பப் போறே? அதச் சொல்லு, எடுத்துக்கறேன்."

ஆசீர்வாதம் ஆறு மெஷினையும் பார்த்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தலை தெரிந்தது. வாய் திறந்தது, பேர் எதுவும் வரவில்லை.

கெங்கம்மாள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்து பணத்தை வைத்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையால் தொடவில்லை. வேண்டாம் என்று மறுபடி சொல்லவும் இல்லை.

கடைசியாக வந்த சாராள் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அய்யா, மாசா மாசம் சம்பளம் ஏறின அன்னிக்கே குடுத்துடணுமா? ஏடிஎம்மு தூரமா கீது. அதான் கேட்டேன்."

ஆசீர்வாதம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மறுநாள் குடு. போதும்."