சொந்தத்துலயே முடிச்சிட்டோம்

இன்னைக்கு ஆரணி பஸ்ல, என்கூட வேலை செய்யற அக்கா கல்யாணப் பத்திரிகையை நீட்டினாங்க.

"எம் பொண்ணை என் தம்பிக்கே குடுக்கறேன். சொந்தம் விட்டுப் போவக்கூடாதில்ல."

எண்பதுகள்ல எங்க அண்ணனை அப்பா அம்மாவோட வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனது ஞாபகம் வந்துச்சி. பன்னெண்டு வயசுலயும் அவன் என் தோள் உயரம்தான்.

"சொந்தத்துல கல்யாணமா?"ன்னு டாக்டர் கேட்டார்.

"என் சொந்த அக்கா பொண்ணைத்தாங்க கட்டியிருக்கேன்"ன்னு அப்பா பெருமையா சொன்னார்.

வளர்ச்சி ஹார்மோன் சுரக்கல, அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சிருந்த குறை பிள்ளைக்குச் சேர்ந்து வந்திருக்குன்னார் டாக்டர். ஆனா ஊரு பழி முழுசையும் அம்மா தலையிலயே போட்டுச்சி.

இதைச் சொல்லி, "ஒரு டாக்டரைக் கேட்டுக்கங்கக்கா"ன்னேன்.

"எங்க வம்சத்துல அப்படி யாருமில்லம்மா"ன்னு சிரிச்சாங்க.

அண்ணன் பொறக்கறவரைக்கும் எங்க வம்சத்துலயும் யாருமில்ல.

பத்திரிகை என் பையிலதான் இருக்கு. போய் அட்சதை போடறதா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.