குழாயை நிறுத்திய பிறகும்

முதல் அறிகுறி வலி அல்ல. வயிற்றுக்குள் தண்ணீர் உருளுவது போன்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். 2005 மழைக்காலத்தில் ஒரு காலை, பேரூராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அதைக் கேட்டேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்டிருக்குமோ என்று கூச்சமாக இருந்தது. வலி இல்லாததால் எழுந்து போகவில்லை. இந்த நோய் வலித்துக்கொண்டு வராது. இதைப் படிப்பவர்கள் அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உப்பளத்தில் கூலி வேலை செய்பவள். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று மெம்பர் ஆனவள். எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் ஊறும். குடிக்கவும் சமைக்கவும் மேற்கேயிருந்து குழாயில் வரும் தண்ணீர் ஒன்றுதான் கதி.

வீட்டுக்கு வந்ததும் பேதி தொடங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனது. பிறகு வாந்தி. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு கல்லாகிவிட்டது.

என் கணவர் அந்தோணி ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவருடைய தங்கை லூர்து அடுத்த வீட்டில் இருந்தாள். அவள்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தினாள். யாரும் கைகொடுக்காமல் உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொள்கிற உடம்பு அவளுக்கு.

“அண்ணி, கண்ண மூடாதீங்க. என்னப் பாருங்க” என்று வழியெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் என் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். அது கிள்ளியபடியே நின்றது. விரல்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கியிருந்தன. அவை என்னுடைய விரல்கள் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை.

“இது காலரா மாதிரி தெரியுதும்மா” என்றார் டாக்டர். (காலரா: அசுத்தமான தண்ணீர் வழியே பரவும் கடுமையான வாந்திபேதி.) “நோயை விட நீரிழப்புதான் ஆளைக் கொல்லும்.” (நீரிழப்பு: உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிவிடுவது.) இரண்டு கைகளிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள்.

மாலைக்குள் வராந்தா நிறைந்துவிட்டது. பாயிலும் பெஞ்சிலும் கிடத்தப்பட்ட முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். எனக்கு ஓட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள், என்னோடு உப்புப் பாத்தியில் நின்றவர்கள். முந்தைய ஆண்டு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததிலிருந்து நாங்கள் கிழக்கே பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தோம். இது வீட்டுக் குடத்திலிருந்து வந்திருந்தது.

“எல்லாரும் ஒரே தெருவா?” என்று டாக்டர் கேட்டார்.

“எங்க தெருவும் அடுத்த தெருவும் டாக்டர். ஒரே குழாய்.” அதைச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது.

இருட்டுவதற்குள் பேரூராட்சிச் செயல் அலுவலர் வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. “மெம்பரம்மா, தண்ணி ரிப்போர்ட் வர நாளாகும். அதுக்குள்ள குழாய நிறுத்தினா ஊரே சண்டைக்கு வரும். லாரிக்கு சொல்லியிருக்கேன், ரோட்டுல தண்ணி நிக்குது, எப்ப வரும்னு தெரியல.”

“நிறுத்துங்க சார்” என்றேன். அந்த நேரத்தில் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. “யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, குழாய்த் தண்ணீர் வராது, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு அன்றே வால்வை மூடினார்கள். மறுநாள் பிரம்மதேசம் பக்கத்து வயல் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. பிளீச்சிங் பவுடர் (கிருமி கொல்லும் தூள்) கலந்த தண்ணீர். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் குறைந்தார்கள். தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

லூர்துதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். என் துணியை அலசினாள், உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகப் புகட்டினாள். “ஓட்டுக் கேக்க வந்தப்ப எல்லாரு வீட்லயும் டீ குடிச்சீங்களே, இத மட்டும் ஏன் துப்புறீங்க?” என்று என்னைச் சிரிக்கவும் வைத்தாள். ஒருநாள் மாலை, “காலைல கஞ்சி கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் அவள் வரவில்லை. வெகுநேரம் கழித்து அந்தோணி வந்தார். செருப்பில்லாமல் வந்திருந்தார்.

“லூர்து போயிட்டா” என்றார்.

“எங்க போனா? கஞ்சி கொண்டாறேன்னு சொன்னாளே.”

நான் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்த பிறகே எனக்குப் புரிந்தது.

ராத்திரி பேதி தொடங்கியிருக்கிறது. விடியட்டும், எப்படியும் அண்ணியைப் பார்க்கப் போகத்தானே வேண்டும் என்று கணவன் சகாயத்திடம் சொல்லியிருக்கிறாள். விடிந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோ மருத்துவமனை வாசலைத் தொடும் முன்பே உயிர் போய்விட்டது. நான் படுத்திருந்த கட்டிலிலிருந்து அந்த வாசல் தெரியும்.

எனக்கு அழுகை வரவில்லை. எப்படி என்ற ஒரே கேள்விதான் தலைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. குழாயை நிறுத்திவிட்டோமே, எப்படி?

மருத்துவமனையிலிருந்து அடக்கத்துக்குப் போனபோது சகாயம் சொன்னார். “லாரித் தண்ணி மருந்து நாத்தம் அடிக்குதுன்னு அவ தொடவே இல்ல. குழாய் நிக்கப்போவுதுன்னு ஆட்டோல சொன்னதும் ஓடிப்போய் ரெண்டு குடம் புடிச்சு வெச்சா. அதான் நல்ல தண்ணின்னு காய்ச்சாமலே குடிச்சா.”

அவள் மட்டுமல்ல. அறிவிப்பைக் கேட்ட வீடுகளெல்லாம் கடைசித் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்திருந்தன. வால்வை மூடிய எங்களில் ஒருவருக்கும் குடங்கள் நினைவுக்கு வரவில்லை.

நிற்கவே தள்ளாடினேன். என்றாலும் செயல் அலுவலரோடும் சுகாதாரப் பணியாளர்களோடும் அன்றே வீடு வீடாகப் போனேன். “குடிக்கற தண்ணிய கொட்டச் சொல்றியே, நீ ஒரு பொம்பளையா?” என்று ஒருத்தி கத்தினாள். “லூர்து வீட்டுலயும் இந்தத் தண்ணிதாங்க இருந்துது” என்றேன். அவள் குடத்தைத் தானே கவிழ்த்தாள்.

லூர்து வீட்டில் ஒரு குடம் மிச்சமிருந்தது. மேலே தட்டு மூடி, தட்டின் மேல் டம்ளரைக் கவிழ்த்திருந்தாள். “அவ புடிச்சது” என்றார் சகாயம். யாரும் தொடவில்லை. கடைசியில் அவரே தூக்கிப் போய்க் கொட்டிவிட்டு, வெறுங்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மழைநீர் வடிந்ததும், சாக்கடை ஓரமாகக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். அதன் பிறகு எங்கள் தெருவிலிருந்து யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. உங்கள் ஊரில் இப்படி நேர்ந்தால் குழாயோடு நிற்காதீர்கள். குடத்தையும் கொட்டச் சொல்லுங்கள். விடியட்டும் என்று யாரையும் காத்திருக்க விடாதீர்கள்.

வெயில் திரும்பியதும் உப்பளத்தில் வேலை தொடங்கியது. நானும் போனேன். முன்பெல்லாம் தாகம் எடுத்தால் கையிலிருக்கும் பாத்தியை முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்று தள்ளிப்போடுவேன். இப்போது முடிவதில்லை. நாக்கு லேசாக உலர்ந்தாலும் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். மேஸ்திரி கூப்பிடுவது காதில் விழுகிறது. குடித்து முடித்த பிறகே எழுகிறேன். என் உடம்பிடம் அப்புறம் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.