விற்ற பைக்குக்குப் பெட்டி பூட்டப் போனது

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வவுனியாவிலிருந்து திருகோணமலை பஸ் புறப்பட்டது. தூரம் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். என் மடியில் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு அலுமினியக் கைப்பிடிகள் இருந்தன. பக்கத்தில் மனைவி வசந்தி. அவள் வந்தது கோணேசர் கோயிலுக்கு. நான் போனது, விற்றுவிட்ட ஒரு பைக்கைப் பார்க்க.

இருநூற்றைம்பது சீசீ ஸ்போர்ட்ஸ் பைக், சிவப்பு. ஆறு வருடம் என்னிடம் இருந்தது. என் முதுகெலும்புத் தட்டு விலகியபின், இனிக் குனிந்து ஓடும் பைக் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாங்கியவள் நிரோஜா, திருகோணமலை லிங்கநகரில் இருக்கும் ஆஸ்பத்திரித் தாதி. நாலு மாதம் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். லீவு எடுத்து, கிழக்குக் கரையோரமாகப் பொத்துவில் வரை தனியாக ஓடப் போகிறாளாம். அதற்குப் பின்பெட்டியும் பக்கப் பைகளும் பூட்ட வேண்டும். பெட்டித் தாங்கியைப் பின்சீற்றுக் கைப்பிடிகளோடுதான் பொருத்தலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். அந்தக் கைப்பிடிகளை நான் வாங்கிய வாரமே கழற்றிவிட்டேன். அவை இல்லாமல்தான் பைக்கின் வால் கூராக, பாயப் போவது போலத் தெரியும்.

பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டால் போதும் என்றாள். நானே கொண்டு வருகிறேன் என்றேன். உள்ளதைச் சொன்னால், பைக் தூசும் கீறலுமாகக் கிடப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட ஆசைப்பட்டேன்.

ஹொரவப்பொத்தானை தாண்டியபின் வீதியின் இருபுறமும் காடு. யானை கடக்கும் இடம் என்று பலகைகள். கன்னியாவுக்குக் கிட்ட மலைகள் எழுந்து, காற்றில் உப்பு ஏறியது. திருகோணமலையில் இறங்கும்போது பத்து மணி. லிங்கநகருக்கு ஓட்டோ முந்நூறு ரூபாய்.

நிரோஜாவுக்கு முப்பது வயது இருக்கும். வீட்டு முன்பக்கத்தில் பைக் நின்றது. மேலே சாம்பல் நிற உறை. அடியில் இறப்பர் நாடா ஓடி, பைக்கின் உடம்புக்கு அளவாகத் தைத்தது போலிருந்தது. என்னிடம் இருந்தபோது அதற்குக் கிடைத்தது ஒரு பழைய கட்டில் விரிப்பு. அவள் உறையை உரித்தாள். ஒரு கீறல் இல்லை. பெற்றோல் தாங்கியின் மேல் இறப்பர்த் தகடு ஒட்டி, ரேடியேற்றருக்கு வலை போட்டு, விழுந்தால் அடிபடாதபடி இரண்டு பக்கமும் உருளைக் காப்பு வைத்திருந்தாள்.

“பின் பிரேக் கொஞ்சம் பிடிச்சுக்கொண்டு நிண்டது அண்ணா. கழட்டித் துடைச்சுப் பூட்டினனான். இப்ப சரி.”

அந்தப் பிரேக் பிறவியிலேயே அப்படித்தான் என்று ஆறு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்தவன் நான். நல்லது என்றேன்.

பெட்டி பூட்டும் கடை கண்டி வீதியில், கப்பல்துறை என்ற ஊரில் இருந்தது. பத்துக் கிலோமீற்றர் அளவு. அவள் பைக்கில் முன்னே போக, நாங்கள் ஓட்டோவில் பின்னால் போனோம். இடப்பக்கம் வீடுகளுக்கிடையில் துறைமுகத்து நீர் பளிச்சிட்டு மறைந்தது. சீனக்குடா வளைவில் அவள் பைக்கைச் சாய்த்த விதம் எனக்குத் தெரிந்ததுதான். அதில் நான் சாய்ந்ததைவிட அவள் அளவாகச் சாய்ந்தாள். ஆறு வருடம் அதன்மேல் இருந்தவனுக்கு, அது போகும் அழகு வெளியிலிருந்து எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அந்தப் பிள்ளை வடிவா ஓடுது. நல்ல சாமான். ஆரிட பைக்?” என்றார் ஓட்டோக்காரர்.

நான் வாய் திறக்கமுன் வசந்தி சொன்னாள்: “அவவின்ரதான்.”

கடைக்காரர் நஸீர் கிண்ணியாக்காரர், ஐம்பது வயதுக்காரர். வேலை செய்துகொண்டே கதைப்பவர். நான் கொண்டுபோன கைப்பிடிகளைப் பூட்டி, அவற்றின்மேல் தாங்கியை ஏற்றினார். அது கொஞ்சம் ஆடியது. கீழிருந்து ஒரு முட்டுக் கம்பி வேண்டும். அதைப் பிடிக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை.

“வால் பிளாஸ்டிக்ல ரெண்டு ஓட்டை போடணும் தங்கச்சி. வேற வழி தெரியல்ல.”

நிரோஜாவின் முகம் சுருங்கியது. வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். அவர் துளைபொறியை எடுத்து ஊசி மாட்டினார்.

வழி இருந்தது. சீற்றைக் கழற்றினால், சட்டத்தின் உட்பக்கம் இறப்பர் மூடியால் அடைத்த இரண்டு திருகாணித் துளைகள் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் துரு பார்க்கும்போது கண்டுபிடித்தேன். சொல் நாக்கின் நுனியில் நின்றது. நான் சொல்லவில்லை. ஓட்டை விழட்டும் என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. விழுந்தால் இது என் பைக் இல்லை, வேறொன்று, வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம். நஸீர் சிவப்புப் பிளாஸ்டிக்கில் பேனையால் புள்ளி வைத்தார். துளைபொறி சுழலத் தொடங்கியது. நிரோஜா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள், ஊசி போடும்போது நோயாளிகள் திருப்புவதைப் போல.

“நிப்பாட்டுங்கோ,” என்றேன். “சீற்றைக் கழட்டுங்கோ. உள்ளுக்கு இடம் இருக்கு.”

மூடிகளைக் கிளப்பிக் காட்டினேன். முட்டுக் கம்பி ஒரு பிசகும் இல்லாமல் அந்தத் துளைகளில் பொருந்தியது. நிரோஜா என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

பிறகு வேலை வேகமாக நடந்தது. புகைக்குழாயின் சூட்டில் பை உருகாமல் இருக்க, இடையில் ஒரு தகடு. பைகளுக்கு மஞ்சள் மழையுறை. பின்பெட்டியின் முன்முகத்தில், சாய்ந்துகொள்ள ஒரு மெத்தை. பாரம் ஏறினால் பை சக்கரத்தில் முட்டுமா என்று பார்க்க, பின்னுக்கு ஒருவரை ஏற்றி ஓடிப் பார்க்க வேண்டும் என்றார் நஸீர். என் முதுகு அதற்கு ஆகாது. அவருக்குக் கடையை விட்டு வர ஏலாது.

“நான் ஏறுறன்,” என்றாள் வசந்தி.

ஆறு வருடத்தில் அவள் அந்த பைக்கில் ஏறியதில்லை. முதல் வருடம் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டேன், தலையாட்டி மறுத்தாள். வேகம் பிடிக்காத ஆள் என்று முடிவு கட்டி, நண்பர்களோடு போய்வந்தேன். இப்போது அவள் நஸீரிடம் தலைக்கவசம் வாங்கி, கால் வைத்து ஏறி, கைப்பிடிகளைப் பற்றி, மெத்தையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கிண்ணியாப் பாலம் வரை போய் வருகிறோம் என்றாள் நிரோஜா. சத்தம் வீதியில் தேய்ந்து போனது.

நஸீர் பால் விடாத பிளேன்ரீ தந்தார். பாலம் வந்தபின் தன் ஊருக்குப் படகுக்குக் காத்து நிற்கும் வேலை இல்லாமல் போனதைப் பற்றிக் கதைத்தார். காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. பைக் இன்னொருத்தியிடம் போனதைத் தாங்கிக்கொண்டேன். அதன் பின்சீற்றில் என் மனைவி சிரித்துக்கொண்டு போனதைத் தாங்க ஏலவில்லை.

திரும்பி வந்தபோது வசந்தியின் கன்னம் காற்றுப்பட்டுச் சிவந்திருந்தது. பை எங்கும் முட்டவில்லை என்று தகவல் சொன்னாள். நிரோஜா கூலி கொடுக்க உள்ளே போனபோது, என்னோடு ஏன் ஒருநாளும் வரவில்லை என்று கேட்டேன்.

“பிடிக்க ஒண்டும் இல்லாத சீற்றில என்னெண்டு ஏறுறது? பூட்டுங்கோ எண்டு கேட்டனான். வடிவு கெட்டுப் போகும் எண்டனீங்கள்.”

அவள் கேட்டது எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பதில் என்னுடையதுதான். வேறு யாருக்கும் அது வராது.

கோணேசர் கோயிலில் அரை மணிநேரம் நின்றோம். பிறகு வவுனியா பஸ். எங்கள் ஊரில் கடல் இல்லை. பார்வை எப்போதும் ஏதாவது ஒரு மரத்தில் போய் முட்டும். வசந்தி யன்னல் பக்கம் இருந்து பாலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்: இரண்டு பக்கமும் நீர் அகன்று கிடந்தது, கீழே வள்ளத்தில் ஒருவர் வலை உதறினார், நடுப்பாலத்தில் நிரோஜா வேகத்தைக் குறைத்துப் பார்க்க விட்டாள். அந்தப் பாலத்தை நான் அதே பைக்கில் எத்தனையோ தரம் கடந்திருக்கிறேன். எனக்கு நினைவிருப்பது வேகமானியின் முள் மட்டும்தான்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நிரோஜா பொத்துவிலுக்குத் துணையா வரச் சொல்லிக் கேட்டவ. நாலு நாள். போகட்டே?”

பஸ் காட்டுக்குள் இறங்கியிருந்தது. அவள் பதிலுக்கு அவசரப்படவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். “ஓம், போயிட்டு வாரும்,” என்று சொல்லி முடிக்கப் பன்குளம் ஊரையும் தாண்ட வேண்டியிருந்தது.