எண்பத்தேழாவது வரி

பீசா நகரில், ஆர்னோ ஆற்றின் வடகரையில் உள்ள ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாம் மாடியில் ஒரேஸ்தே லந்தூச்சிக்கு ஒரு மேசை இருந்தது. வயது நாற்பத்தாறு. பதினேழு ஆண்டுகளில் ஐந்து ஊர்கள், ஏழு தற்காலிக ஒப்பந்தங்கள். ஏழாவது ஜூன் முப்பதில் முடிகிறது. நிரந்தர வேலைக்கான நேர்முகம் மார்ச் 14, செவ்வாய், காலை பத்தரைக்கு. இந்த வயதில் இது தவறினால் இன்னொன்று வராது.

அவர் நம்பியிருந்தது, பதினான்கு மாதம் முன் இணையத்தின் பொதுக் களஞ்சியத்தில் வெளியிட்ட ஒரே ஒரு கட்டுரையை. இழைக் கோட்பாட்டுக்குப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். நாம் காண்பவை நான்கு. மீதி ஆறும் கண்ணுக்கு எட்டாதபடி சுருண்டு கிடப்பதாகக் கொள்வார்கள். சுருள் நிலைத்து நிற்க மீச்சமச்சீர்மை என்றொரு முட்டுக் கொடுப்பார்கள். இயற்கையில் அதை யாரும் இதுவரை கண்டதில்லை. அந்த முட்டு இல்லாவிட்டாலோ சுருள் அவிழ்ந்து போகும், அல்லது தனக்குள்ளேயே நொறுங்கும். முட்டில்லாமல் நிற்கும் ஒரு சுருளை ஒரேஸ்தே கண்டிருந்தார். சான்று, நூற்றுப் பன்னிரண்டு வரி கொண்ட ஓர் அட்டவணை. வரிக்கு ஒரு நிறையின் வர்க்கம். ஒன்றுகூடக் கழித்தல் குறியோடு வரக் கூடாது; வந்தால் சுருள் நிற்காது.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன், ஞாயிறு பிற்பகல், அட்டவணையை மறுபடி கையால் போட்டுப் பார்த்தார். எண்பத்தேழாவது வரி, சுருளிலுள்ள வட்டத்தை ஒரு சுற்று சுற்றிய இழை. ஒற்றைச் சுற்றுக்குக் குறி மாற வேண்டும்; அவர் மாற்றவில்லை. மாற்றினார். விடை கழித்தலில் வந்தது. மூன்று முறை போட்டார். பிறகு மீதி வரிகளைப் பார்க்காமல், நோட்டில் தேதியும் நேரமும் எழுதி மூடினார்.

திங்கள் காலை காபி இயந்திரத்தின் அருகே நீவெஸிடம் சொன்னார். மாணவப் பருவம் முதல் தோழி.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ புதன்கிழமை கண்டுபிடி. பதினாலு மாசமா ஒருத்தன் கண்ணுலயும் படல, உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

"நோட்டுல தேதி போட்டுட்டேன், நீவெஸ்."

"கிழிச்சுப் போடுய்யா! ஒரு தாள்தானே?"

"நாளைக்கு அதையே திரையில போட்டு, நிக்குதுன்னு சொல்லணும். வாய் வராது."

"அந்த வாய்க்கு ஜூலையில சோறு எங்கேருந்து வரும்?"

ஒரேஸ்தே தன் மேசைக்குத் திரும்பினார். பதினொன்று இருபதுக்குப் பொதுக் களஞ்சியத்திலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றார். காரணம்: 'வரி 87இல் குறிப் பிழை. முடிவு செல்லாது.'

மறுநாள் குழுவில் ஐந்து பேர். தலைவர் அந்தக் குறிப்பைப் படித்திருந்தார்.

"உங்க பிரபஞ்சம் எத்தனை நாள் தாங்குச்சு, லந்தூச்சி?"

"பதினாலு மாசம், புரொபசர்."

இருவர் சிரித்தார்கள். நாற்பது நிமிட நேர்முகம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

ஜூன் முப்பதில் சாவியைக் கொடுத்தார். செப்டம்பரிலிருந்து போந்தெதேராவில் ஒரு தொழிற்பள்ளியில் பின்னக் கணக்கு நடத்துகிறார். இடையில், ஜூலை இரண்டாம் தேதி, மார்ச்சில் அந்த ஞாயிறன்று விட்டிருந்த இருபத்தைந்து வரிகளையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து சரிபார்த்தார். எல்லாம் கூட்டல் குறியே. மற்ற நூற்றுப் பதினொன்றும் சரி என்று அதே நோட்டில் எழுதித் தேதி போட்டார்.