மூடி வைத்த ஊற்று

தண்ணீர் பாட்டில் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பேர். நிரப்பிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும். பின்னால் வெள்ளை விளக்கு எரியும். கழுத்துக் கோட்டுக்கு ஒரு நூல் தண்ணீர் குறைந்தாலும் அவள் கண் விடாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே விரலால் தட்டி வெளியே தள்ளிவிடுவாள்.

"உன் புருஷன் பாவம்டி, அவர் டீ டம்ளரைக்கூடக் கண்ணாலேயே அளப்பே" என்பாள் லேபிள் ஒட்டுகிற அக்கா.

அப்படிப்பட்டவளுக்குப் பெண் குழந்தை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. நாள் நிறையவில்லை, ஒரு முழம் நீளம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் மூச்சுக்கு ஒரு குழாயும் வாயில் பாலுக்கு ஒரு குழாயுமாகக் கிடந்தது. பெற்றவள் இன்னும் கையில் ஏந்திப் பார்த்ததில்லை. பிள்ளை வீட்டுக்கு வரும்போது லீவு வேண்டுமே என்று வேலைக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளைக்கு அவளால் கொடுக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஸ்டோர் ரூமில் லேபிள் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து மிஷின் வைத்து எடுக்கிற பால். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, வேலை முடிந்ததும் வார்டுக்கு ஓடுவாள்.

அந்தப் பால்தான் குறைய ஆரம்பித்தது.

"பாப்பா குடல் இன்னும் பிஞ்சு. உங்க பால்தான் நல்லா ஒத்துக்குது. பத்தலைன்னா வேற பால் சேத்துத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளோ கொண்டுவந்த பாலை விளக்குக்கு நேராகத் தூக்கி அளவு பார்த்தாள்.

கழுகு யோசித்தாள். கம்பெனியில் மேல்தொட்டி வற்றினால் என்ன செய்வார்கள்? வால்வை மூடுவார்கள். நிறைந்ததும் திறப்பார்கள். சரி, நாமும் மூடி வைப்போம். நாள் முழுக்க அடிக்கடி எடுத்துக்கொண்டிருந்தவள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டாள். மார்பு கல்லாய்க் கட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏய், ஸ்டோர் ரூம் பக்கமே உன்னைக் காணோம்?" என்றாள் அக்கா.

"சேரட்டும்க்கா. சேந்தாத்தானே வரும்."

"யார்டி சொன்னா உனக்கு?"

"யார் சொல்லணும்? தொட்டிக் கணக்கு எனக்குத் தெரியாதா?"

"ஆமாமா, நீ புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சேரவில்லை. நாளாக நாளாகப் பால் பாட்டிலின் அடி நனைவதே பெரும்பாடாகிவிட்டது.

அன்று சாயங்காலம் வார்டு நர்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "என்னம்மா இது? எத்தனை தடவை எடுக்கறே?"

இவள் வால்வு மூடிய கதையைச் சொன்னாள். நர்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"உடம்பு என்ன சிமெண்ட் தொட்டியா? எடுக்காம விட்டா, ஓகோ வேண்டாம்போல இருக்குன்னு அது சுரக்கிறதையே நிறுத்திக்கும். இறைக்கிற கிணறுதாம்மா ஊறும். பசிச்ச குழந்தை கேக்கிற மாதிரி, ராவும் பகலும் அடிக்கடி எடுக்கணும். கையால நீவி விட்டுக்கிட்டே எடு. சரி, அந்த நாற்காலியில உக்காரு. பொத்தானைக் கழட்டு."

"எதுக்கு சிஸ்டர்?"

"பாப்பாவுக்கு இன்னைக்கு மூச்சுக் குழாயை எடுத்தாச்சு. இந்தா, உன் புள்ளையைப் புடி."

வெறும் மார்பின்மேல் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு துணியால் மூடினாள் நர்ஸ். எடையே தெரியவில்லை என்றால் நம்பமாட்டீர்கள், சூடுதான் தெரிந்தது. கன்னம் ஒரு தடவை அசைந்தது. எறும்பு ஊர்வதுபோல் மூச்சு அவள் தோலில் பட்டது. கொஞ்ச நேரத்தில் துணி நனைந்தது.

"சிஸ்டர், ஈரமா இருக்கு. பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா போல."

நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தாள். "ஒண்ணுக்கு இல்லம்மா. பால்."

மிஷின் இன்னும் பைக்குள்தான் இருந்தது. ஒரு கையும் படவில்லை. நாள்கணக்காகக் கெஞ்சியும் வராதது, ஒரு பிடி உயிர் மேலே படுத்து மூச்சு விட்டதும் தானாக வழிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பாலுக்கு எப்படி சிஸ்டர் தெரிஞ்சுது, வந்திருக்கிறது இவதான்னு?"

"எத்தனையோ பேருக்குப் பாத்துட்டேன், இன்னமும் எனக்கு மயிர் கூச்செறியுது. முதல்ல மிஷினை எடு, வீணாப் போகுது!"

படித்தவர்கள் இதற்கு நூறு விளக்கம் சொல்லுவார்கள். சொல்லட்டும். அதிசயம் அதிசயம்தான்.

பிறகு அவள் வால்வை மூடவில்லை. நினைத்து நினைத்து ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். பெல்ட்டில் அவளுக்குப் பதிலாக நின்ற அக்கா குறை பாட்டில்களை எல்லாம் கோட்டைவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலங்களில் பிள்ளையை மார்பில் போட்டு, பிறகு மிஷினை வைத்தாள். பால் ஒரே நாளில் பொங்கிவிடவில்லை. மெல்ல மெல்ல ஏறியது. வேறு பால் என்ற பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் குழந்தை மார்பில் கிடக்கும்போதே, நர்ஸ் அந்தப் பாலைக் குழாயில் விட்டாள். நூல்போல வெள்ளைக்கோடு இறங்கியது. குழாயைச் சுற்றியிருந்த உதடுகள், இதுவரை எதையும் ருசித்தறியாத உதடுகள், குவிந்து, விரிந்து, காற்றைச் சப்பத் தொடங்கின.

"பாரேன், குடிக்கப் பழகறா" என்றாள் நர்ஸ் ரகசியக் குரலில்.

எவ்வளவு இறங்கியது, எவ்வளவு மிச்சம் என்று கழுகு பார்க்கவே இல்லை. அந்த உதடுகளைவிட்டு அவள் கண் நகரவில்லை.